பால் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் நண்பர்களுக்கு,

அனுப்பர்பாளையம் முதல் பெருமாநல்லூர் வரை, காங்கேயம் ரோடு முதல் பல்லடம் வரை, எந்தக் கம்பெனி கேட்டில் கைரேகை வைத்தாலும் அதற்குப் பின்னால் நம்மில் யாரோ எழுதிய புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டிங், பண்டில், லைன், செக்கிங், பேக்கிங், அட்டெண்டன்ஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ, சனிக்கிழமை சம்பளப் பட்டியல் எல்லாம் நம் கைவேலைதான். நானும் அந்த வேலைக்காரி. கூடவே ஒரு கைக்குழந்தைக்கு அம்மா.

வீட்டில் குழந்தை பிறந்தால் மற்றவர்கள் தொட்டில் கட்டுவார்கள், நம் ஆட்கள் லேப்டாப்பைத் திறப்பார்கள். ஒருவர் எக்செல் ஷீட் போட்டார். இன்னொருவர் டெலிகிராமில் பாட் எழுதி, மனைவி "பால்" என்று தட்டினால் நேரம் பதிவாகும்படி செய்தார். வேறொருவர் 'பேபி படி' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி வீட்டிலேயே ஓடவிட்டிருக்கிறார். நானும் எனக்கென்று ஒன்று எழுதிக்கொண்டேன். இதுவரை சரி. இப்போது நமக்குள் வேறு ஒரு பேச்சு அடிபடுகிறது. இதையே கொஞ்சம் அழகுபடுத்தி, 'தொழிலாளத் தாய்மார்களுக்கு ஒரு ஆப்' என்று கம்பெனிகளுக்கு விற்கலாமாம். பையர் ஆடிட்டுக்கு வரும்போது முதலாளிகள் காட்டிக்கொள்ளலாமாம். அந்தப் பேச்சு கிளம்பியதால்தான் இந்த மடல்.

முதலில் இந்த மாதிரிப் பதிவு எதற்கு உதவும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே உதவும். பிரசவமான வீட்டில் நாலாம் நாள் யாருக்கும் கிழமை தெரியாது. நர்ஸம்மா வந்து, "நேத்திலிருந்து எத்தனை தடவை மூத்திரம் போச்சு?" என்று கேட்டால், அம்மா ஒரு கணக்கு, பாட்டி ஒரு கணக்கு, அப்பா மேலே பார்ப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான் இந்த மென்பொருளின் முழு வேலை. என் திரையில் நாலே பொத்தான்: இடது, வலது, மூத்திரம், வெளிக்கி. நாலும் திரையின் கீழ்ப்பாதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில், காஜாப்பட்டன் டப்பா மூடி அளவுக்குப் பெரிதாக. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு கை குழந்தையின் கழுத்துக்கு அடியில் இருக்கும்; மிச்சமிருக்கும் ஒரு கையின் ஒரு விரலுக்குத்தான் டிசைன் செய்ய வேண்டும். வெள்ளைப் பின்னணி வைத்தால் அந்த வெளிச்சத்துக்கே குழந்தை முழித்துக்கொள்ளும். கறுப்புதான் சரி.

பார்க்க வேண்டிய எண்களும் கொஞ்சம்தான். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஐந்தாறு நாள் ஆனபின் நாளுக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். கறுப்பாகப் போகும் மலம் சில நாட்களில் மஞ்சளுக்கு மாற வேண்டும். எடை முதலில் குறையும். அதைப் பார்த்து வீடே பதற வேண்டியதில்லை. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். உடம்புச் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தொட்டாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ ஆப்பில் எதையும் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது, 108தான். அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட முறையில் பிறந்த குழந்தையின் நிலையைச் சொல்ல ஐந்தே அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு மதிப்பெண். உலகம் முழுக்க இன்றைக்கும் பிரசவ அறையில் அதுதான் ஓடுகிறது. ஆறாவது அம்சம் சேர்த்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்று அந்த அம்மா நினைக்கவில்லை. நாம் நினைப்போம். டேட்டாபேஸில் ஒரு கட்டம் சேர்க்க நமக்கு என்ன செலவு?

செலவு நமக்கில்லை, பெற்றவளுக்கு. நம் தொழிலின் புத்தி நம்மை அறியாமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. லைன் தலைமாட்டில் தொங்கும் ஹவர்லி போர்டு உங்களுக்குத் தெரியும்: டார்கெட், ஆக்சுவல், எஃபிஷியன்ஸி. பச்சை, மஞ்சள், சிவப்பு. நண்பர் ஒருவர் காட்டிய குழந்தை ஆப்பில் அதே போர்டைப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பத்துப் பால் டார்கெட், ஆறு மணி வரை ஆறு, எஃபிஷியன்ஸி இத்தனை சதவீதம். மூன்று மணி நேரம் தாண்டினால் சிவப்பு எரிந்து போன் அலறும். அவர் வீட்டு அம்மாயி திரையைப் பார்த்துவிட்டு, "கொழந்தை தூங்குது, இது எதுக்குங் கண்ணு அழுவுது?" என்று கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்கும் கேள்வியை வீட்டில் போன் கேட்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பச்சைக் குழந்தை ஒரு ராத்திரி மணிக்கொருதரம் கேட்கும், அடுத்த நாள் நாலு மணி நேரம் அசந்து தூங்கும். எடை ஏறுகிறதா, மூத்திரம் போகிறதா என்பதில்தான் விஷயம். டார்கெட் போடாதீர்கள். எண்ணி வையுங்கள், கேட்டால் காட்டுங்கள், வாயை மூடிக்கொண்டிருங்கள், சாஃப்ட்வேரைத்தான் சொல்கிறேன்.

பதிவு செய்வதால் உயிர் பிழைக்குமா என்று கேட்டால், பிழைத்த இடம் ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பிறந்த குழந்தையைக் கவனிக்கும் முறையை 1990களில் உருவாக்கினார்கள். அந்த முடிவுகள் 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. பிறந்து 28 நாளுக்குள் நடக்கும் சாவு அங்கே 62 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே பயன்பட்ட ஒரு கருவியை நாம் எல்லோரும் ஒரு தடவை பார்க்க வேண்டும். எழுத்தோ எண்ணோ தெரியாத பிரசவம் பார்க்கும் பெண்கள் குழந்தையின் மூச்சை எப்படி எண்ணுவார்கள்? அபய் பங் ஒரு பலகையில் மணிகளைக் கோத்து, பக்கத்தில் ஒரு நிமிட மணல் கடிகாரம் வைத்தார். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் மூச்சு வேகம், உடனே பார்க்க வேண்டும். கரண்ட் வேண்டாம், நெட் வேண்டாம், லாகின் வேண்டாம். பயன்படுத்துகிறவளுக்கு எது வராதோ அதைக் கேட்காமல், எது வருமோ அதை வைத்துக் கட்டிய சாமான் அது. நம் யூஐ கூட்டங்களில் இந்தப் பலகையை மேஜை மேல் வைத்துவிட்டுப் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அந்தப் பெண்கள் எண்ணியதோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணியபின் மருந்து கொடுத்தார்கள், குழந்தையைப் போர்த்திச் சூடாக்கினார்கள், மறுநாள் திரும்ப வந்தார்கள். வெறும் பட்டியல் அந்த வேலையைச் செய்யாது. உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ மையங்களில் பிரசவ நேரத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. செவிலியர்கள் வேலை செய்யும் முறை மேம்பட்டது. சாவு எண்ணிக்கையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. டிக் அடிப்பது ஒன்று, டிக் அடித்தபின் நடக்க வேண்டியது வேறு.

கட்சிரோலியில் கற்றது 2011இல் நாடு முழுவதற்குமான திட்டமானது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் அட்டவணை. தமிழ்நாட்டில் அதற்கு முன்பிருந்தே கிராம சுகாதார செவிலியர்களின் கையில் பதிவேடு உண்டு. கர்ப்பமானது முதல் குழந்தை வரை பின்தொடரும் பிக்மி கணினிப் பதிவும் உண்டு. 2017 அக்டோபரில் இருந்து அதில் கிடைக்கும் எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கஷ்டம் என்பது உங்களில் அலைந்தவர்களுக்குத் தெரியும். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020இல் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறந்தவை 13, இந்தியாவுக்கு 28. இதெல்லாம் ஆப் வருவதற்கு முன்னால் நடந்தது. நர்ஸம்மாவின் டிவிஎஸ் ஐம்பதுக்குத்தான் முதல் மரியாதை.

சரி, நம் ஊரில் யாருக்காக எழுதப்போகிறோம்? நம் வீட்டுப் பெண்கள் படித்தவர்கள், கையில் ஆளுக்கொரு போன், ஒத்தாசைக்கு அம்மா வீடு. லைன் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது எதுவும் இல்லை. ஒடிசாவிலோ பீகாரிலோ ஜார்க்கண்டிலோ இருந்து வந்த குடும்பம், ஒரே அறை, வரிசைக்கு ஒரு குழாய். ஒரு போன்தான், அதுவும் காலை எட்டரைக்குப் புருஷனோடு ஒன்றரை ஷிப்ட்டுக்குப் போய்விடும். ராத்திரி எட்டரைக்குத்தான் திரும்பி வரும். அந்த அறையில் நம் ஆப் பகல் முழுக்க இல்லை. மத்திய அரசின் 'கில்காரி' திட்டம் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டு செய்யப்பட்டது: கர்ப்பத்தின் நாலாம் மாதத்தில் இருந்து குழந்தைக்கு ஒரு வயது வரை வாரம் ஒன்றாக 72 குரல் அழைப்புகள், இந்தியிலும் ஒடியாவிலும் உண்டு, சாதா போனே போதும். அதற்கும் போன் அவள் கையில் இருக்க வேண்டுமே.

அதனால் நான் காகிதத்துக்குப் போனேன். தாய் சேய் நல அட்டை எல்லோரிடமும் இருக்கிறது. அதில் தடுப்பூசிக் கணக்கு இருக்கிறது. அதோடு செருகி வைக்க ஏ4 தாளில் பாதி. சூரியனும் நிலாவும் வரைந்து, பகல் இரவுக்குத் தனித்தனி வரிசை. சொட்டு வரைந்த கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. பின்பக்கம் அபாய அறிகுறிகள் படமாக. டெய்லர் சாக்பீஸ், பென்சில் எதுவானாலும் கோடு போடலாம். எழுதத் தெரிய வேண்டாம், தமிழும் தெரிய வேண்டாம். எங்கள் தெருவில் அந்தத் தாளை வாங்கிப் போன ஒரு ஒடியாப் பெண், கட்டங்கள் தீர்ந்ததும் அதே கோடுகளைச் சுவரில் போட்டு வைத்திருந்தாள். புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்தபோது சுவரைப் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினாள். என்னுடைய நாலு பொத்தானைவிட அது நல்ல மென்பொருள்.

ஊருக்குப் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வரும் பெண்களுக்குத் தடுப்பூசிக் கணக்குதான் முதலில் குழம்பும். பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. பிறகு 6, 10, 14 வாரங்களில். பிறகு 9 மாதம். முதல் ஊசி ஒடிசாவில், இரண்டாவது திருப்பூரில் என்றானால் அட்டை கையில் இருந்தால்தான் ஆயிற்று. யூ-வின் என்ற தேசியப் பதிவு வந்துவிட்டது, நல்லதுதான். இருந்தாலும் அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிறந்த குழந்தைக்காக நாம் எழுத வேண்டிய மென்பொருளை ஏற்கெனவே எழுதிவிட்டோம். அதற்குப் பெயர் அட்டெண்டன்ஸ். அதில்தான் கைக்குழந்தைக்கு இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிரசவமாகி ஆறு வாரத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைப்பதே குற்றம். 42 நாள், நர்ஸ் வீட்டுக்கு வரும் கடைசி நாளும் 42தான். நம்மில் எத்தனை பேருடைய சாஃப்ட்வேர் அந்த 42 நாளுக்குள் பஞ்ச் வந்தால் தடுக்கிறது? மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. ஆண் பெண் சேர்த்து 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் அங்கே ஒரு நாளில் நாலு தடவை போய் வரலாம், ஓய்வு இடைவேளையும் அந்த நாலில் சேரும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, ஓய்வு நேரம் போக, பால் கொடுக்கத் தனியாக இரண்டு இடைவேளை. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன.

இப்போது நம் பெர்மிஷன் மாஸ்டரைத் திறந்து பாருங்கள். கேட் பாஸ், ஓடி, லேட், ஹாஃப் டே, பெர்மிஷன் எல்லாம் இருக்கும். பால் கொடுக்கப் போகிறவளை எதில் போடுவார்கள்? பெர்மிஷனில். மாதத்துக்கு இத்தனை மணிக்கு மேல் போனால் சம்பளம் பிடிக்கும்படி நாம்தான் விதி எழுதி வைத்திருக்கிறோம். எந்த முதலாளியும் "பால் கொடுத்தால் காசைப் பிடி" என்று நம்மிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, புரோகிராமே பிடித்துவிடுகிறது.

சூப்பர்வைசர் முகம் சுளிப்பதற்கும் பாதிக் காரணம் நம் கணக்குதான். எஃபிஷியன்ஸி என்பது உற்பத்தியான நிமிடத்தை இருந்த நிமிடத்தால் வகுப்பது. 30 மிஷின் லைன், 480 நிமிட ஷிப்ட் என்றால் 14,400 நிமிடம். ஒரு தாய் இரண்டு தடவை இருபது இருபது நிமிடம் போனால் 40 நிமிடம். மொத்தத்தில் கால் சதவீதத்தைச் சற்றே தாண்டும். அந்த 40 நிமிடத்தை வகுக்கும் எண்ணில் இருந்து கழித்துவிட்டால் லைனின் எஃபிஷியன்ஸியில் அவளால் குறைந்ததாக எதுவும் வராது. கரண்ட் கட்டுக்கும், துணி வராமல் நின்ற நேரத்துக்கும் இதே கழிவை நாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இன்னொரு காரணக் கோடு சேர்ப்பது அரை நாள் வேலை. பீஸ் ரேட்காரர்களுக்கு இது போதாது, உண்மை. அவர்களுக்கு அந்த நேரத்துக்குச் சராசரிக் கூலி போட வேண்டும். அது முதலாளி தீர்மானிக்க வேண்டியது. ஆனால் கணக்கைப் போட்டு அவர் மேஜையில் வைக்க வேண்டியவர்கள் நாம்.

ஈஎஸ்ஐ விஷயம் இன்னும் மோசம். பிரசவ காலப் பணம் கிடைக்க, அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. நம் ஊரில் ஒரு பெண் கைமடியாக (உதவியாளாக)ச் சேர்ந்து டெய்லர் ஆவதற்குள் நாலு கம்பெனி மாறியிருப்பாள். ஈஎஸ்ஐ எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் கூடவே வர வேண்டும். நம் ஜாயினிங் ஸ்கிரீனில் பழைய எண் கேட்கும் கட்டம் கட்டாயமில்லை என்று விட்டிருப்போம்; ஆபீஸ் பையன் அவசரத்தில் புது எண் எடுத்துவிடுவான். கட்டிய நாட்கள் இரண்டு எண்ணில் சிதறிப்போகும். வயிற்றில் ஏழு மாதத்தோடு அவள் போய் நிற்கும்போது 70 வராது.

ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை அந்த மிஷின் ஓடாது. துண்டுகளை செலோடேப்பால் ரெஜிஸ்டரில் ஒட்டி, நேரம், மிஷின் நம்பர் போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். அதன்பிறகும் ஒவ்வொரு பாடிசூட்டும் நீடில் டிடெக்டரில் போய்த்தான் பெட்டி ஏறும், எங்கோ ஒரு நாட்டில் ஒரு பச்சைக் குழந்தையின் தோலில் குத்திவிடக் கூடாது என்று. குழந்தைக்காகப் பதிவேடு வைக்க நம் ஊருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தத் 'தாய்மார்கள் ஆப்'பைப் பற்றி என் தீர்ப்பு: கம்பெனி வழியாக வேண்டாம். எந்தப் பெண் எப்போது பிரசவித்தாள், பால் வற்றியதா, குழந்தைக்கு எத்தனை தடவை காய்ச்சல் என்பதெல்லாம் எச்ஆர் சர்வரில் இருந்தால், அடுத்த ஆளெடுப்பில் அது எதற்குப் பயன்படும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் கேட்கிறது. கம்பெனி கேட்டில் வாங்கும் கைரேகை சம்மதம் ஆகாது. மாதவிலக்குக் கணக்குக்கான 'ஃப்ளோ' ஆப், பயனர்களின் தகவலை ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக எழுந்த புகாரில் 2021இல் அமெரிக்க அரசு அமைப்போடு சமரசத்துக்கு வர நேர்ந்ததை மறக்க வேண்டாம். இலவசமாக விட்டு விளம்பரத்தில் காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரையும் உணவையும் விளம்பரம் செய்வது 1992இன் சட்டப்படியும் 2003 திருத்தப்படியும் இந்தியாவில் குற்றம். விளம்பர நெட்வொர்க் அதைப் பார்த்துப் பார்த்துப் போடாது.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஆப் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். டேட்டா போனிலேயே இருக்கட்டும். குழந்தை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு எண்ணுவதை நிறுத்தச் சொல்லும் மென்பொருளாக இருந்தால் இன்னும் நல்லது.

கம்பெனிக்கு எழுதுவதில் மூன்று வேலை பாக்கி இருக்கிறது. வருகிற சனிக்கிழமை சம்பளப் பட்டியல் எடுப்பதற்கு முன்னால் பெர்மிஷன் மாஸ்டரில் பால் இடைவேளைக்குப் பிடித்தமில்லாத ஒரு கோடு சேருங்கள். 42 நாளுக்குள் பஞ்ச் வந்தால் தடுங்கள். ஜாயினிங் ஸ்கிரீனில் பழைய ஈஎஸ்ஐ எண்ணைக் கட்டாயமாக்குங்கள். யார் கேட்டார்கள் என்று முதலாளி கேட்டால், சட்டம் கேட்கிறது என்று சொல்லுங்கள். ஆடிட்டில் இதையும் பார்ப்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், உடனே சரி என்பார்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
திருப்பூர்.